தனித் திருப்பலியா, ஒரே திருப்பலியா? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

திருப்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த பங்குப்பேரவை (பங்கு எனப்படும் கத்தோலிக்கக் கோயில் சமூகத்தின் ஆலோசனைக் குழு) உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பின்னலாடை நிறுவனங்களிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்யும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலக் கத்தோலிக்கர்கள் அறுபது எழுபது பேர் ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வந்து, பின்னால் நின்றுவிட்டுப் போகிறார்கள். மாதம் ஒரு முறை அவர்களுக்கென்று இந்தித் திருப்பலி வைத்துவிடலாம் என்று பேரவையில் பாதிப் பேர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் தமிழ் கற்று நம்மோடு கலந்துகொள்ளட்டும், தனியாக வைத்தால் பிரிவினைதான் வளரும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இதில் திருச்சபையின் நிலைப்பாடு என்ன, நடைமுறையில் எது சரி என்று அவர் கேட்கிறார்.

இதே கொங்குப் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் பங்குப்பேரவையில் இருந்து, இதே விவாதத்தைப் பல கூட்டங்களில் கேட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டு தரப்பாரும் வந்தவர்களை வெளியாள்களாகவே வைத்துப் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் படுகிறது. ஒரு தரப்பு விருந்தாளிக்குத் தனிப் பந்தி போடச் சொல்கிறது. மறு தரப்பு விருந்தாளி நம் பந்தியிலேயே உட்கார வேண்டும் என்கிறது. அவர்கள் விருந்தாளிகளே அல்லர். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 102-ஆம் சட்டத்தைப் பாருங்கள். ஒருவர் ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தாலோ, உண்மையிலேயே மூன்று மாதம் தங்கிவிட்டாலோ, அவருக்கு அங்கே சட்டப்படியான இருப்பிடம் உண்டாகிறது. அந்த இருப்பிடத்தின் வழியாகவே அவருக்குச் சொந்தப் பங்குத்தந்தையும் ஆயரும் உண்டாகிறார்கள் என்று 107-ஆம் சட்டம் சொல்கிறது. சந்தா கட்டியிருக்க வேண்டும், குடும்ப அட்டை வாங்கியிருக்க வேண்டும், அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில்) பெயர் இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் அங்கே இல்லை. ஆகவே பொங்கல் முடிந்து வேலைக்கு வந்து சேர்ந்த ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்துப் பெண் ஒருவர், சித்திரை முடியும் முன்பே உங்கள் பங்கின் மகள் ஆகிவிடுகிறார். பங்குத்தந்தைக்கு அவர்மேல் உள்ள கடமை, நான்கு தலைமுறையாகத் தேர் இழுக்கும் குடும்பத்தின்மேல் உள்ள கடமையைவிட ஒரு மாற்றுக் குறைந்ததன்று. இன்னும் சொல்லப்போனால், ஏழைகளையும் துயருற்றோரையும் தனித்திருப்போரையும் சொந்த நாட்டை இழந்து வாழ்வோரையும் பங்குத்தந்தை தனி அக்கறையோடு தேடிப் போக வேண்டும் என்று 529-ஆம் சட்டம் பணிக்கிறது. சட்டத்தின் சொல் தேடிப் போவது. வந்தால் பார்த்துக்கொள்வது அன்று.

எனவே தனியா, ஒன்றாகவா என்பதற்கு முன் கேட்க வேண்டியது: உங்கள் பங்கில் அவர்கள் எத்தனை பேர், பெயர் என்ன, எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? எங்கள் பங்கில் நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டோடுதான் தொடங்கினோம். திருப்பலி முடிந்ததும் கெபிக்கு (குகை வடிவச் சிற்றாலயத்துக்கு) பக்கத்தில் ஒரு மேசை போட்டு, இந்தி தெரிந்த அருள்சகோதரி ஒருவரை உட்காரவைத்தோம். முதல் ஞாயிறு ஒன்பது பேர்தான் பெயர் கொடுத்தார்கள். காவல் நிலையத்துக்குப் போகும் பட்டியல் என்று மற்றவர்கள் பயந்து ஒதுங்கியதைப் பிறகுதான் அறிந்தோம். அந்த ஒன்பது பேரில் இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் தன் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். நான்காக மடித்து மடிப்பில் கிழிந்திருந்த திருமுழுக்குச் சான்றிதழை வீட்டுத் தரையில் விரித்து வைத்து எடுத்த படம் அது. தனக்கு உறுதிபூசுதல் கொடுத்த ஆயரின் பெயர், நாள், அன்று படித்த வாசகம் வரை சொன்னார். என் மகனிடம் அவனுக்கு உறுதிபூசுதல் நடந்த நாளைக் கேட்டால் தெரியாது.

இவர்கள் யார் என்பதை நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சோட்டாநாக்பூர் பீடபூமியின் ஒராவோன், முண்டா, கரியா பழங்குடியினரில் பலர் நான்கைந்து தலைமுறைக் கத்தோலிக்கர்கள். 1885-இல் அங்கே போன பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தைப் பறிகொடுத்த பழங்குடியினரின் வழக்குகளில் துணை நின்றவர்; அந்த உறவிலிருந்து வளர்ந்த திருச்சபை அது. ராஞ்சியின் பேராயராக இருந்த தெலஸ்போர் டோப்போ 2003-இல் கர்தினால் ஆனபோது, ஆசியப் பழங்குடியினரிலிருந்து அந்த நிலைக்கு உயர்ந்த முதல் மனிதர் ஆனார். சத்தீஸ்கரின் ஜஷ்பூர் பக்கத்திலிருந்து வருபவர்களிடம் குன்குரிப் பேராலயத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று நற்கருணைப் பவனியில் ஊரே நடக்கும் பழக்கமுள்ள மக்கள் இவர்கள். ஒடிசாவின் கந்தமாலிலிருந்து வருகிறவர்களின் கதை வேறு: 2008-இல் நடந்த வன்முறையில் வீட்டையும் கோயிலையும் இழந்து காட்டுக்குள் ஒளிந்து பிழைத்த குடும்பங்கள் அங்கே ஏராளம். விசுவாசத்துக்காக அவர்கள் கொடுத்த விலையை நாம் கொடுத்ததில்லை. இவர்களுக்கு மறைக்கல்வி கொடுக்க வேண்டும் என்று ஒருவர் பேரவையில் எழுந்து பேசியபோது எனக்கு நெஞ்சு வலித்தது.

இந்தித் திருப்பலி என்று பேசுகிறோமே, அந்த இந்தி அவர்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி அன்று. பள்ளியிலும் சந்தையிலும் கற்றது. முண்டாக்களும் கரியாக்களும் வீட்டில் தத்தம் மொழி பேசுகிறார்கள், பல குழுக்களுக்கும் பொது மொழியாகச் சாத்ரி இருக்கிறது, ஒடிசாக்காரருக்கு ஒடியா. ஒராவோன்களின் குரூக் மொழியோ நம் தமிழின் உடன்பிறப்பு, வட திராவிட மொழி. நம் ‘கண்’ அவர்களுக்கு ‘ஃகன்’. ‘ஏன்’ என்றால் நான், ‘நீன்’ என்றால் நீ. நீருக்கு அவர்கள் சொல்லும் ‘அம்’ நம் அகராதிகளிலும் அதே பொருளில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ குரூக்கிலும் ‘நாம்’தான், கேட்பவரை விலக்கிச் சொல்வதற்கு அவர்களிடம் ‘ஏம்’ என்று தனிச்சொல் உண்டு, நம்மிடம் ‘நாங்கள்’ இருப்பதுபோல. இந்தியிலோ ஆங்கிலத்திலோ இல்லாத இந்த வேறுபாட்டை வைத்திருக்கும் இரண்டு மக்கள் ஒரே கூரையின்கீழ் நிற்கும்போது, அறிவிப்பு வாசிப்பவர் ‘நம் பங்கு மக்களும், வந்திருக்கும் வெளிமாநிலத்தவரும்’ என்று பிரித்துச் சொல்வது எவ்வளவு பெரிய பிழை என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே எந்த மொழியில் திருப்பலி வேண்டும் என்பதைப் பேரவை முடிவு செய்ய முடியாது, அவர்களிடம் கேட்க வேண்டும். எங்களிடம் அவர்கள் கேட்டது, திருப்பலி இந்தியில் இருக்கட்டும், பாட்டு மட்டும் சாத்ரியில் வேண்டும் என்பது. அது நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்காத பதில்.

திருச்சபையின் போதனையில் குழப்பம் எதுவும் இல்லை. திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் வெளியிட்ட ‘எக்சுல் ஃபமீலியா’ என்ற ஆவணம் தொடங்கி, 2004-இல் புலம்பெயர்ந்தோர் மேய்ப்புப்பணிக்காக வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி வரை, புலம்பெயர்ந்தவர் தம் மொழியிலும் தம் வழிபாட்டு மரபிலும் மேய்ப்புப்பணி பெற வேண்டும் என்பதே நிலைப்பாடு. தேவைப்படும் இடத்தில் மொழி அல்லது இன அடிப்படையில் தனிப் பங்கே அமைக்கலாம் என்று 518-ஆம் சட்டம் இடம் கொடுக்கிறது. அதே வேளையில், வந்தவரைத் தனியே வளரவிட்டு மறந்துவிடவும் அந்த ஆவணங்கள் சொல்லவில்லை, நம்மில் கரைத்து அடையாளமில்லாமல் ஆக்கவும் சொல்லவில்லை. முதல்நாள் உதவி ஒரு படி, நீண்டகால ஏற்பு அடுத்த படி, இணைந்து வாழ்வது அதற்கும் அடுத்த படி என்று 2004-ஆம் ஆண்டு வழிகாட்டி பிரித்துப் பார்க்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டுக்கான செய்தியில் இதையே வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்துதல், ஒருங்கிணைத்தல் என்று நான்கு வினைகளாகச் சொன்னார். நம் பங்குகள் பெரும்பாலும் முதல் வினையோடு நின்றுவிடுகின்றன. கிறிஸ்துமசுக்குக் கேக்கும் போர்வையும் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதோடு கடமை தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

‘தமிழ் கற்றுக்கொண்டு வரட்டும்’ என்பவர்கள் நம் சொந்தக் கதையை நினைவுகூர வேண்டும். சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக அங்கே ஒஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் 1888-இல் எழுந்தது. இன்று அபுதாபியிலும் துபாயிலும் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழில் திருப்பலி காண்கிறார்கள். அரபு கற்றுவிட்டு வா என்று யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வேளாங்கண்ணியில் செப்டம்பர் திருவிழாவின்போது இந்தியும் கொங்கணியும் தெலுங்கும் மலையாளமும் மாறி மாறி ஒலிக்கின்றன, யாரும் அதைப் பிரிவினை என்பதில்லை. அங்கே வருகிறவர்கள் போய்விடுவார்கள் என்பதாலேயே நமக்கு அது எளிதாக இருக்கிறதோ என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

ஆனால் பிரிவினை பற்றிய அச்சத்தை நான் புறந்தள்ளமாட்டேன், ஏனெனில் தமிழகத் திருச்சபைக்கு அதில் ஆறாத புண் உண்டு. 1872-இல் கட்டப்பட்ட வடக்கன்குளம் ஆலயத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனி நீள் மண்டபங்கள் இருந்தன. சாதி வாரியாக மக்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி அமைந்த கட்டடம் அது. இடையிலிருந்த தடுப்பு அகற்றப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆகவே ‘தனி’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவர் துணுக்குற்றால், அவர் வரலாறு அறிந்தவர். இதில் வேறுபாடு காண எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: அந்தத் தனி ஏற்பாட்டைக் கேட்டது யார்? தம் மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்யவும் பாடவும் ஏங்கி அவர்களே கேட்டால் அது வாசல். நம் பூசை நேரம் நீளாமல் இருக்க, நம் பெஞ்சில் இடம் போகாமல் இருக்க நாம் கேட்டால் அது வடக்கன்குளத்துத் தடுப்பு. பழங்குடியினரை ஒதுக்கும் பங்கு, உள்ளூர்த் தலித் மக்களை ஏற்கெனவே ஒதுக்கிக்கொண்டிருக்கும் பங்காகவே பெரும்பாலும் இருப்பதையும் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே நோய்.

ஏற்க மறுத்ததன் விளைவுக்கு அமெரிக்காவில் இரண்டு கசப்பான பாடங்கள் உள்ளன. 1889-இல் மினியாபொலிஸ் நகரின் ருத்தேனியக் (கிழக்கு ஐரோப்பிய) குடியேறிகளுக்குப் பணியாற்ற வந்த அலெக்சிஸ் டோத், மணமானவரும் குருவாகலாம் என்ற கிழக்கு மரபைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு, மனைவியை இழந்தவர். மணமாகியிருந்த குருவை ஏற்க முடியாது என்று பேராயர் ஜான் அயர்லாந்து மறுத்துவிட, டோத் தம் மக்களோடு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குப் போனார். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ராண்டனில், தாங்கள் கட்டிய கோயிலின் நிர்வாகத்தில் தங்களுக்குக் குரல் வேண்டும் என்று கேட்ட போலந்துச் சுரங்கத் தொழிலாளர்களின் பிணக்கு 1897-இல் தனித் திருச்சபையாகவே முடிந்தது. இரண்டிலும் கோட்பாட்டில் சண்டை இல்லை. மதிப்பு கொடுக்கப்படாததுதான் காரணம்.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படியுங்கள். எருசலேமில் எழுந்த முதல் உட்பூசலே மொழி பற்றியது: கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் விடப்பட்டார்கள் என்ற முறையீடு. திருத்தூதர்கள் கூடுதல் அரிசி ஒதுக்கிச் சமாதானம் செய்யவில்லை. ஏழு பேரைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்று பொருள். உங்கள் பேரவையில் அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் அவர்களைப் பற்றி முடிவெடுப்பது அந்த அதிகாரத்துக்கு எதிரானது.

நடைமுறைக்கு வருகிறேன். மாதம் ஒரு முறை அவர்கள் மொழியில் திருப்பலி, அதற்கு முன் ஒரு மணி நேரம் பாவசங்கீர்த்தனம், இவை கட்டாயம் வேண்டும். வடக்கே பணியாற்றிய குருக்கள் துறவற இல்லங்களில் நிச்சயம் இருப்பார்கள், கேட்டால் வருவார்கள். மற்ற ஞாயிறுகளில் அவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். அப்போது ஒரு மன்றாட்டும் காணிக்கைப் பாடலும் அவர்களுடையதாக இருக்கட்டும், ‘மாந்தர்’ என்ற தங்கள் மேளத்தைக் கொண்டுவந்தால் ஆடி வரட்டும். தமிழ்ப் பதிலுரைகளைத் தேவநாகரி எழுத்தில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளுக்கு ஆகும் செலவு சொற்பம், அது கொடுக்கும் துணிச்சல் பெரிது. ‘தமிழ் கற்கட்டும்’ என்று சொன்னவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வாரம் அரைமணி நேரம் கற்றுக்கொடுக்க முன்வந்தால் அவர்கள் சொல்லுக்கும் மதிப்பு வரும். புது அரிசியை ஆண்டவருக்குப் படைத்து உண்ணும் நவாகானி அவர்களுக்கு நம் பொங்கல் போன்றது. அந்த நாளில் நம் அன்பியங்கள் அவர்கள் அறைக்குப் போகலாம். விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் வார்டன் அனுமதி இல்லாமல் வெளியே வர முடியாது என்பதையும் மறக்காதீர்கள். பங்குத்தந்தை நேரில் போய் நிறுவனத்தாரிடம் பேசினால் மாலை இரண்டு மணி நேரம் கிடைக்கும், எங்களுக்குக் கிடைத்தது. திருமணத்துக்கு 1115-ஆம் சட்டப்படி ஒரு மாதம் தங்கியிருந்தாலே இங்கே நடத்தலாம். சொந்த ஊர்ப் பங்கிலிருந்து சான்று வரவழைக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதுவது பங்கு அலுவலகத்தின் வேலை, அந்தப் பிள்ளைகளின் தலைவலி அன்று. உங்கள் பங்கில் சீரோ மலபார் மரபு (கேரளக் கத்தோலிக்கரின் கிழக்கு வழிபாட்டு மரபு) மலையாளக் குடும்பங்களும் இருந்தால் அது வேறு விஷயம். 2010-இல் கோவையின் ராமநாதபுரத்தை மையமாகக் கொண்டு அவர்களுக்கென மறைமாவட்டம் அமைந்த பிறகு அவர்களுக்குச் சொந்த மேய்ப்பர் இருக்கிறார், திருமணக் காரியங்களில் அவர்கள் மரபுக் குருவைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

இறப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பங்கின் உண்மை நிறம் அங்கேதான் தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் இருபத்திரண்டு வயது நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலில் இறந்தார். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. உடன் வேலை செய்தவர்கள் பதினோரு பேர் ஒரு பங்கு அலுவலகத்தில் போய் நின்றார்கள். இறந்தவர் பெயரில் சந்தா அட்டை உண்டா என்று அங்கே கேட்கப்பட்டது. அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் ஒன்றரை நாள் போயிற்று, உடல் அரசு மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தது. கடைசியில் வேறொரு பங்கில் இடம் கொடுத்தார்கள். குழிக்கு மேலே ஒருவர் கைபேசியை நீட்டிப் பிடித்திருக்க, ஊரிலிருந்து அப்பா காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பிடி மண் போட்டு முடித்ததும் அவர் ஏதோ சொன்னார்; உடனிருந்த பையன் மொழிபெயர்த்தான்: ‘என் கைக்குப் பதிலாக யாராவது வயதானவர் ஒரு பிடி போடச் சொல்லுங்கள்.’ அன்பியத்திலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி, முழங்கால் வலியோடு குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டார். அவருக்கு இந்தி தெரியாது, அந்த அப்பாவுக்குத் தமிழ் தெரியாது. இது நடந்த பிறகுதான், கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதற்குச் சந்தா கேட்கக்கூடாது என்று எங்கள் பேரவை தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டது. உங்கள் பேரவையில் அப்படித் தீர்மானம் இல்லையென்றால், திருப்பலி மொழியைப் பற்றிப் பேசும் முன் அதை எழுதுங்கள்.

இன்னொன்று, பேச்சில் கவனம் வேண்டும். ‘வடக்கன்’ என்ற சொல்லைக் கோயில் வளாகத்தில் நம் இளையோர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். மறைக்கல்வி ஆசிரியர்கள் அதை அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். 2023 மார்ச்சில் வட மாநிலத்தவர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பயந்து அறையைவிட்டு வெளியே வராதவர்கள் எங்கள் பகுதியிலும் இருந்தார்கள். அந்த நாள்களில் அவர்கள் கைபேசியில் பங்கைச் சேர்ந்த தமிழர் ஒருவரின் எண் இருந்ததா இல்லையா என்பதுதான் வேறுபாடாக இருந்தது. அந்த நோட்டில் பெயர் எழுதிய நாளிலேயே நம் எண்ணையும் கொடுத்துவிடுவது எவ்வளவு அவசியம் என்பதை அப்போது உணர்ந்தோம்.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அவர்களில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அழையுங்கள். மொழிபெயர்க்க ஒருவரை உட்காரவையுங்கள். கூட்டத்தை வழக்கம்போல ஞாயிறு காலை முதல் பூசை முடிந்ததும் வைக்க வேண்டாம். இரவு ஷிப்ட் முடிந்து அவர்கள் அப்போதுதான் படுத்திருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு வையுங்கள், வருவார்கள்.